பாரி மகளிர் பாட்டு: ஐந்தடியில் ஒரு நாட்டின் வீழ்ச்சி

தமிழிலுள்ள துயரப் பாடல்களுள் அளவிற் சிறியதும் ஆழத்திற் பெரியதும் எது என வினவின், கற்றோர் பலரும் புறநானூற்றின் 112ஆம் பாட்டையே சுட்டுவர். ஐந்தே அடிகளால் ஆகிய இப்பாட்டைப் பாடினோர் பாரி மகளிர் எனப் பாட்டின்கீழ் அமைந்த பழங்குறிப்புக் கூறுகின்றது. திணை பொதுவியல், துறை கையறுநிலை. 1894இல் உ. வே. சாமிநாதையர் பழைய உரையுடன் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே இது கற்றோர் கைக்கு அச்சில் வந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் இதனை ஒப்புவிக்கக் காண்கின்றோம்.

ஆயினும் பாட்டு பரவிய அளவிற்கு அதன் பொருள் பரவிற்று எனக் கூறுதற்கில்லை. 1966இல் வெளிவந்த ‘நாடோடி’ திரைப்படத்திற்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டொன்று இச்சங்கப் பாட்டின் நிலவைக் காதலரின் நிலவாக்கிற்று. 1997இல் வெளிவந்த ‘இருவர்’ திரைப்படத்தில் வைரமுத்து இதன் தொடக்கச் சொற்களை எடுத்து மற்றுமொரு காதற்பாட்டை அமைத்தார். இரண்டும் இனிய பாட்டுகள். பழஞ்சொல்லைப் புதுப்பொருளில் ஆளும் உரிமை கவிஞர்க்கு உண்டு. எனினும் அவ்விசை வழியாகவே இச்சொற்களை அறிந்த இளைஞர், மூலப்பாட்டும் பிரிந்த காதலனை எண்ணி ஒருத்தி வருந்திய பாட்டென்றே கருதிவிடுகின்றனர். அது காதலின் முறிவைப் பாடிய பாட்டன்று. தந்தையையும் நாட்டையும் ஒருங்கே இழந்த இரு பெண்களின் சாட்சியம் அது. அதன் உண்மைப் பொருளை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறம்பும் பாரியும்

பாரி மூவேந்தருள் ஒருவன் அல்லன். வேளிர் குடியைச் சார்ந்த குறுநிலத் தலைவன். அவனது பறம்பு நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்தன என்பதும், அவற்றையெல்லாம் இரவலர் முன்னரே பெற்றுக்கொண்டனர் என்பதும் புறநானூற்றின் 110ஆம் பாட்டால் அறியப்படும் செய்திகள். பறம்பு மலை இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை என வழங்குகின்றது. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற திருக்கொடுங்குன்றம் என்னும் சிவத்தலமும் இதுவே. மலையின் அடியில் கோயிலும் உச்சியில் இசுலாமியப் பெரியார் ஒருவரின் தர்காவும் இருத்தலின், இரு சமயத்தாரும் ஏறி வணங்கும் மலையாக இது விளங்குகின்றது.

முல்லைக் கொடிக்குத் தேரீந்த கதையால் பாரியை உலகம் அறியும். சிறுபாணாற்றுப்படை அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணுகின்றது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சுந்தரமூர்த்தி நாயனாரும், கொடாத செல்வரைப் புகழ்வதன் பயனின்மையைக் கூறவந்தவிடத்துக் கொடைக்கு அளவுகோலாகப் பாரியின் பெயரையே எடுத்தாண்டார். அரசு அழிந்து, குடி அழிந்து, நாட்டின் எல்லையும் மறைந்த பின்னரும் ஒருவனுடைய பெயர் மக்கள் நாவில் நின்றது எனின், அதற்குக் காரணம் அவன் கொடையேயாகும்.

பறம்பின் வளத்தைக் கபிலர் கூறும் முறை நம் கருத்தைக் கவர்வது. உழவர் உழாமலே அம்மலை நால்வகை உணவைத் தரும் என்பார் அவர். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அந்நான்கு. வெளியிலிருந்து எதுவும் வாராது தடுப்பினும் மலையிலுள்ளோர் பட்டினியால் பணியார் என்பது இதன் உட்கிடை. முற்றுகையிட்டோரை நோக்கிக் கூறிய இச்சொல் வெறும் புகழ்ச்சியன்று. போரியலைச் சார்ந்த எச்சரிக்கை.

முற்றுகை

சேர சோழ பாண்டியர் மூவரும் ஒருங்குகூடிப் பறம்பை முற்றினர். மகட்கொடை மறுத்ததே இதற்குக் காரணம் எனக் கூறுவாரும் உளர். அக்காரணம் இருந்திருப்பினும், வேளிரின் நாடுகளை வேந்தர் ஒவ்வொன்றாகத் தம் ஆட்சியுட் கொண்டுவந்த பெருநிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவே இம்முற்றுகையைக் காண்டல் வேண்டும். ஆற்றுச் சமவெளிகளில் நெல்லும் துறைமுகங்களில் வாணிகமும் பெற்று வளர்ந்த மூன்று பேரரசுகளுக்கிடையே, தனக்கெனத் தலைவனும் தனக்கெனப் புகழும் உடைய மலைநாடு ஒன்று நிற்பதை வேந்தர் பொறுத்திலர். பாரி கொடையால் பெற்ற பெருமை மூவர் பெருமையையும் மறைத்தது என்பதும் கருதத்தக்கது.

முற்றுகை நெடுநாள் நீடித்தது என்பதற்கு அகநானூற்றிலும் சான்று உண்டு. உணவு தட்டுப்பட்ட அக்காலத்தில் பறவைகளை வெளியே விடுத்து நெற்கதிர் கொணரச் செய்தனர் என்னும் செய்தியை நக்கீரரும் ஔவையாரும் தத்தம் பாட்டில் குறித்துள்ளனர். மலை விளைவே போதும் என்று மார்தட்டிய நாட்டிற்கும் ஒருநாள் வயலின் நெல் வேண்டியதாயிற்று என்பதை இச்செய்தி புலப்படுத்துகின்றது.

இக்காலத்தில் கபிலர் வேந்தரை நோக்கிப் பாடிய பாட்டுகள் நகையும் வெகுளியும் கலந்தவை. இம்மலையை வேலால் வெல்லுதல் உங்கட்கு அரிது. கிணைப்பறை கொட்டிப் பாடிவரும் பெண்ணொருத்திக்கோ இதனைப் பெறுதல் எளிது என்றார். யாழெடுத்து ஆடியும் பாடியும் வருவீராயின் நாட்டையும் குன்றையும் அவனே தருவான் என்றும் கூறினார். கொடுப்பவனிடம் கேட்டுப் பெறுவதை விடுத்துப் படைகொண்டு பறிக்க வந்த சிறுமையை இதனினும் நயமாக இடித்துரைத்தல் இயலாது.

இறுதியில் பாரி கொல்லப்பட்டான். நேர்நின்ற போரில் அல்லன், வஞ்சனையால் வீழ்ந்தான் என்பது பழைய உரையாசிரியர் கொண்ட கருத்து.

பாட்டின் உட்பொருள்

இனிப் பாட்டிற்கு வருவோம். அதன் பொருள் மிக எளியது. சென்ற திங்களில், அந்த வெண்ணிலவு எறித்த நாளில், எம் தந்தை எம்மோடு இருந்தான். எம் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இத்திங்களில், இவ்வெண்ணிலவில், வெற்றி முரசு அறையும் வேந்தர் எம் குன்றைக் கொண்டனர். எமக்குத் தந்தையும் இல்லை. இவ்வளவே பாட்டு. உவமை ஒன்றும் இல்லை. கண்ணீர் என்னும் சொல் இல்லை. அழுதோம், நொந்தோம் என்னும் பேச்சும் இல்லை. இருந்தும் படிப்போர் நெஞ்சை இஃது உருக்குவது எவ்வாறு?

முதலாவது, பாட்டில் யாருடைய பெயரும் இல்லை. பாரி என்றோ பறம்பு என்றோ சேரன், சோழன், பாண்டியன் என்றோ பாட்டு கூறவில்லை. தந்தை என்றும் குன்று என்றும் மட்டுமே அவர்கள் சொல்கின்றனர். உலகத்திற்கு அவன் வள்ளல், மகளிர்க்கோ தந்தை. முந்நூறு ஊரையும் முல்லைக்கு ஈந்த தேரையும் பற்றிப் பாட அவனுக்குப் புலவர் பலர் இருந்தனர். மகளிர் பாடியது அப்புகழை அன்று. தம் இல்லத்தின் வெறுமையை. அதனாலேயே தந்தையை இழந்தார் எவரும் தம் பாட்டாக இதனைக் கொள்ள முடிகின்றது.

இரண்டாவது, பாட்டின் வைப்புமுறை. முதற் பகுதியில் தந்தை முன்னும் குன்று பின்னும் நிற்கின்றன. பிற்பகுதியில் குன்று முன்னாகித் தந்தை பின்னாகின்றான். இவ்வாறு முறைமாறி வந்ததனால், தந்தையில் தொடங்கிய பாட்டு தந்தையின் இன்மையில் முடிகின்றது. இடையில் நடந்த போரும் வஞ்சனையும் கொலையும் சொல்லப்படவில்லை. ‘இறந்தான்’ என்னும் சொல்லையும் மகளிர் வாய் கூறவில்லை. அன்று உடையோம், இன்று இலம் என்ற அளவில் நிறுத்திவிட்டனர். பெருந்துயர் உற்றோர் நிகழ்ந்ததை விரித்துரைக்க மாட்டாமல் இருந்ததையும் இல்லாததையும் மட்டுமே சொல்லுவர் என்பதை நாம் வாழ்வில் காண்கின்றோம் அன்றோ?

மூன்றாவது, முரசு. வேந்தரை வெற்றி முரசுடையோர் எனக் கூறியது புகழ்ச்சி போலத் தோன்றும். பழைய உரையாசிரியர் இதனை இகழ்ச்சிக் குறிப்பு என்று விளக்குகின்றார். ஒருவனை மூவர் முற்றியிருந்தும் போரிட்டு வெல்லமாட்டாது வஞ்சித்துக் கொன்றனர். அவர்க்கு வெற்றி முரசு ஒரு கேடா என்பது கருத்து. தமிழ் வேந்தர்க்கு முரசு பெருமைக்குரிய சின்னம். அச்சின்னத்தையே பெயரடையாகச் சூட்டி அவர்தம் பெருமையைப் பறித்துவிட்டனர் இம்மகளிர். கபிலர் கூறிய கிணைப்பறையை இங்கே நினைவு கூர்தல் தகும். சிறுபறை கேட்டுப் பெற்றிருக்கக்கூடியதைப் பெருமுரசு வஞ்சித்துப் பெற்றது. ஐந்தடிக்குள் அரசியல் கண்டனம் இதுவே. அதுவும் புலம்பலின் குரல் மாறாமலே வந்துள்ளது.

நான்காவது, நிலவு. ‘திங்கள்’ என்னும் சொல் மதியையும் மாதத்தையும் ஒருங்கே குறிப்பது தமிழின் இயல்பு. ஒரு மதியம் தேய்ந்து மீண்டும் நிறைவதற்குள் ஒரு நாடு இல்லாதொழிந்தது. நிலவில் மாற்றம் ஏதும் இல்லை. அதே வெண்மை, அதே ஒளி. இயற்கை மனிதர் துயரில் பங்கு கொள்வதாகப் பாடுதல் புலவர் வழக்கு. குடவாயிற் கீரத்தனார், சாத்தன் இறந்தபின் பூத்த முல்லையை நோக்கி, நீயும் பூத்தாயோ என்று கேட்டு வருந்தினார். பாரி மகளிரோ நிலவை வினவவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. அது வந்தது; தந்தை வரவில்லை. அவ்வளவே.

தொல்காப்பியர் கையறுநிலையைக் காஞ்சித்திணையுள் வைத்துக் கூறினார். காஞ்சி என்பது நிலையாமை பற்றியது. தனி ஒருவர் துன்பம் உலகியல்பை உணர்த்தும் வாயிலாகும் என்பதை அவர் கண்டிருந்தார் போலும்.

பாட்டிற்குப் பின்

பாட்டு முடிந்த இடத்தில் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. கபிலர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டு நீங்கினார். நீங்கும்போது அவர் பாடிய பாட்டுகளைப் புலம்பெயர்ந்தோர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும். மலையை வாழ்த்திக் கண்ணீருடன் விடைபெறுகின்றார். சிறிது தொலைவு சென்று திரும்பிப் பார்த்து, இங்கிருந்தும் மலை தோன்றுகின்றது, இன்னும் சிறிது சென்றாலும் தோன்றும் என்கின்றார். ஊர் கண்ணுக்கு மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சென்றவர்கள் இச்சொல்லின் எடையை அறிவர்.

116ஆம் பாட்டில் கபிலர் காட்டும் காட்சி அதனினும் கொடியது. முன்பு பறம்பின் உச்சியில் நின்று, தம் தந்தையின் வலிமை அறியாது வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணி விளையாடிய மகளிர், இன்று வேலி சூழ்ந்த சிறுமனையின் குப்பைமேட்டில் ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். எண்ணும் பழக்கம் மாறவில்லை. எண்ணப்படும் பொருள் மாறிவிட்டது. இதனைக் காண நேர்ந்த தம் வாழ்நாள் தேய்ந்தொழிக என்கின்றார் கபிலர்.

மகளிரைத் தக்காரிடம் ஒப்படைக்கக் கபிலர் விச்சிக்கோவிடம் சென்றார். பின் இருங்கோவேளிடம் சென்றார். இருவரும் ஏற்றாரிலர். மூவேந்தரின் பகைக்கு அஞ்சினர் என்று கருத இடமுண்டு. இருங்கோவேளைப் பாடிய 201, 202ஆம் பாட்டுகள் கருநாடகத்தில் வாழும் நமக்குத் தனிச்சுவை பயப்பன. வடபால் முனிவன் ஒருவனின் ஓமகுண்டத்தில் தோன்றி, செம்பாலான மதில் சூழ்ந்த துவரை நகரை ஆண்டு, நாற்பத்தொன்பது தலைமுறை வந்த வேளிருள் ஒருவன் எனக் கபிலர் அவனைப் பாராட்டுகின்றார். புலிகடிமால் என்னும் பட்டமும் அவனுக்கு உண்டு.

இத்துவரை எது என்பது பற்றி அறிஞரிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. கண்ணன் ஆண்ட துவாரகையே என்பர் ஒரு சாரார். மு. இராகவையங்கார் முதலியோர், இந்நாளில் அளேபீடு எனப்படும் துவாரசமுத்திரத்தோடு இதனை இயைத்துக் கண்டனர். போசளர் எனத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் ஹொய்சள மன்னர்க்கு, சளன் என்பான் முனிவன் ஏவலால் புலியைக் கொன்ற கதை குலக்கதையாக விளங்குகின்றது. பேலூரிலும் அளேபீட்டிலும் அச்சிற்பத்தை நாம் குடும்பத்துடன் சென்று கண்டு மகிழ்கின்றோம். புலிகடிமால் என்னும் பட்டமும் இக்கதையும் ஒத்திருத்தல் வியப்பிற்குரியதே. ஆயினும் துவாரசமுத்திரம் போசளர் தலைநகராகச் சிறந்தது கபிலர்க்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட காலத்தில் ஆதலின், ஒப்புமை ஒன்றையே கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. கபிலர் காலத்திலேயே இம்மேட்டு நிலத்தோடு தமிழ்நாட்டிற்குத் தொடர்பு இருந்தது என்பதற்கு வேறு சான்று உண்டு. தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவருள் இருங்கோவேண்மானோடு எருமையூரன் என்பானையும் அகநானூற்றின் 36ஆம் பாட்டு சேர்த்து எண்ணுகின்றது. எருமையூர் என்பது மைசூர் என்பர் அறிஞர்.

இருங்கோவேள் மறுத்தபோது கபிலர் அவனை வெகுண்டு பாடினார். அவன் முன்னோன் ஒருவன் கழாஅத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்ததனால் அரையம் என்னும் பேரூர் அழிந்ததை நினைவூட்டினார். அடைக்கலம் நாடி வந்தோரை ஏற்க மறுத்தல், அக்காலத்துப் புலவர் நோக்கில், நாட்டையே அழிக்கும் குற்றமாக இருந்தது.

பின்னர் நிகழ்ந்ததைக் குறித்து இரு மரபுகள் உள்ளன. மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துக் கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் எனக் கூறுகின்றது. தென்பெண்ணை ஆற்றில் உள்ள பாறையொன்று இன்றும் கபிலக்கல் என வழங்கப்படுகின்றது. அப்பெண்ணையாறு பிறப்பது பெங்களூருக்கு வடக்கே நந்திமலைப் பக்கம் என்பதையும், அந்நீர் இந்நகரின் கிழக்கெல்லையை ஒட்டி ஓசூர் வழியே தமிழ்நாட்டிற்குள் புகுவதையும் நம் பிள்ளைகளுக்குக் கூறுதல் நன்று. எம்முறையில் இறந்தார் என்பதில் வேறுபடும் இரு சான்றுகளும், ஏற்ற கடமையை முடித்த பின்னரே இறந்தார் என்பதில் ஒன்றுபடுகின்றன. இப்பிறப்பில் உடனுறைந்ததுபோல் மறுபிறப்பிலும் உடனுறையும் பேற்றை ஊழ் கூட்டுவதாகுக என்று நண்பனை நினைந்து அவர் வேண்டினார்.

பெயர் அறியா மகளிர்

அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால வழக்கில் வந்தவை. புறநானூற்றில் அவை இல்லை. தம் தந்தையின் பெயரைப் பாட்டிற் கூறாத அம்மகளிர், தம் பெயரையும் விட்டுச் சென்றாரிலர். அப்பெயர்களை 2007இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று நகைச்சுவைக்குரிய பாத்திரங்களுக்குச் சூட்டி, நிறத்தைக் காட்டிச் சிரிப்பு மூட்டியபோது தமிழறிந்தோர் வருந்தினர். பழம்பாட்டின் பொருளை அடுத்த தலைமுறைக்குக் கூறாது விட்டால், அதன் மாந்தர் இவ்வாறு கேலிப்பொருளாதல் இயல்பே. குற்றத்தில் நம் எல்லோர்க்கும் பங்குண்டு.

கருநாடக நாட்டில் ஊர்தோறும் வீரக்கற்கள் நிற்கின்றன. பெங்களூரு என்னும் பெயர் பொறித்த பழங்கன்னடக் கல்வெட்டும் பேகூரில் உள்ள அத்தகைய வீரக்கல்லே. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. இம்மாநகரின் பெயரை நமக்கு முதன்முதல் அறிவிக்கும் சான்று, போரில் மகனை இழந்தான் ஒருவன் வீட்டுத் துயரின் நினைவுக்குறி என்பது எண்ணத்தக்கது. இறந்தார்க்குக் கல் நடும் வழக்கம் கன்னடர்க்கும் தமிழர்க்கும் பொது. பாரி மகளிர் நட்டது சொல்லாலாகிய கல். மூவேந்தரின் முரசுகள் எவையும் இன்று இல்லை. அவர் கைப்பற்றிய குன்றின்மேல் அவர்தம் கொடியும் இல்லை. தோற்றவர் வீட்டுப் பெண்கள் சொன்ன ஐந்தடியே எஞ்சிற்று. வென்றவர் செயலை உலகம் அறிவதும் அவ்வைந்தடி வாயிலாகவே.

மைசூரில் பிறந்த ஏ. கே. இராமானுசன் 1985இல் வெளியிட்ட தொகுதியால் சங்க அகப்புறப் பாட்டுகள் பல ஆங்கிலத்தில் உலகைச் சென்றடைந்தன. ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைபெட்சும் 1999இல் புறநானூற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தமிழறியா மாணவரும் பாரி மகளிரின் துயரை அறியும் நிலை வந்துவிட்டது. தமிழர் வீட்டுப் பிள்ளைகள் அறியாதிருத்தல் முறையாகுமா?

நாம் பணியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் ஊர் நீங்கி இங்கு வந்தோம். நம்மை எவரும் முரசறைந்து வெளியேற்றவில்லை. விரும்பும்போது திரும்பிச் செல்ல இரயில் உண்டு. ஆதலின் பாரி மகளிரின் துயரோடு நம் ஏக்கத்தை ஒப்பிடுதல் மிகையாகும். ஆயினும் போரால் ஊர் இழந்து பிற நாடுகளில் வாழும் ஈழத்தமிழர் இப்பாட்டைப் படிக்கும்போது அதில் தம் வாழ்வைக் காண்பர். நாமும் அவர்தம் வலியை அறிய இப்பாட்டே வழி. சொத்தை இழந்தவர் சொல்லையேனும் காத்தனர். சொத்தும் சுகமும் பெற்றுவிட்ட நாம் சொல்லை இழந்துவிடலாகாது. முழுமதி நாளில் ஒரு தாய் தன் பிள்ளையை மாடிக்கு அழைத்துச் சென்று, இந்த நிலவைப் பார்த்து இரு பெண்கள் ஒருகாலத்தில் பாடினார்கள், அவர்கள் கதை இது என்று எடுத்துரைப்பாளாயின், தம் தந்தையைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டு இன்னுமொரு தலைமுறை வாழும்.